அலமாரியில் அப்பா

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அப்பாவின் மூச்சிரைப்பைத் தள்ளிவைத்துப் பார்த்தால் இங்கே எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். உன் வயிற்றெரிச்சல் எந்த மட்டில் இருக்கிறது? மூன்று வேளையும் டீயையே சாப்பாடாகக் குடிப்பவனுக்கு வயிறு எரியாமல் குளிருமா என்று உன் மாமா கேட்கச் சொன்னார்.

போனில் பேசலாம்தான். உன் பத்திரிகை ஆபீஸ் போனை எடுப்பவர் ஆசிரியரின் மைத்துனர். நம் வீட்டுப் போன் இருப்பது அப்பாவின் கட்டிலை ஒட்டி. இரண்டு முனையிலும் காது இருந்தால் மனிதர்கள் எதைப் பேசுவது? அதனால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மதியம் கூட்டம் குறைந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு முன்னாள் அமைச்சர் இறந்தாரே, அப்பாவின் இப்போதைய கட்சிக்காரர், அவரைப் பற்றி இரண்டு பத்திரிகையிலும் வந்ததை அப்பா கட்டிலில் அருகருகே விரித்துப் படித்தார். அவர்கள் கட்சிப் பத்திரிகையில் முழுப் பக்கம். ஆறு பள்ளிக்கூடம் கட்டினாராம், ஏழைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். உங்கள் பத்திரிகையில் ஏழாம் பக்கத்து மூலையில் நாலே வரி, அதில் இரண்டு வரி அவர் ஜாமீனில் இருந்ததைப் பற்றி. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டும் பொய் இல்ல. ஆனா ரெண்டையும் சேர்த்து ஒட்டினாக்கூட அந்த ஆளு வரமாட்டேங்கிறான்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, உன் ஆபீஸில் அவரைப் பற்றியும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும், உன்னிடம் சொல் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கட்சி மாறிப் பதினேழு வருஷம் ஆகிறது. அவர் விட்டு வந்த கட்சியின் பத்திரிகையில் நீ வேலை பார்க்கிறாய். இத்தனை வருஷத்தில் உங்கள் இருவருக்கும் நடுவே மழை, வெயில், பஸ் நேரம் தவிர வேறு பேச்சு உண்டா? அவர் உன்னிடம் முதன்முதலாக ஒன்று கேட்கிறார். என்னவென்று எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் வயிறு எரிந்தாலும் உடம்பின் மற்ற பாகங்கள் ஒத்துழைக்கின்றன. மாமாவிடம் டீயைக் குறைத்துவிட்டேன் என்று சொல், நம்ப மாட்டார்.

அப்பா சொன்னது சரிதான். எங்கள் ஆபீஸ் கூடத்தின் கடைசியில் ஒரு பச்சை இரும்பு அலமாரி இருக்கிறது. அதன் சாவி என்னிடம்தான். உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்களின் மரணச் செய்திகள் உள்ளே தயாராக இருக்கும். தேதியும் வயதும் மட்டும் நிரப்பினால் போதும், அச்சுக்குப் போய்விடும். அதனால் ஆபீஸில் எனக்கு சித்திரகுப்தன் என்று பெயர். போன மாதம் ஒருவரின் பிறந்த வருஷத்தைச் சரிபார்க்கப் போன் செய்தேன். "ஏன் தம்பி, டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று அழாக்குறையாகக் கேட்டார், பாவம்.

மேல் தட்டில் எங்கள் ஆட்கள், கீழ்த் தட்டில் அவர்கள் ஆட்கள். எங்கள் ஆள் தேர்தலில் தோற்றதே கிடையாது, "வெற்றி வாய்ப்பை இழந்தார்." அவர்கள் ஆளுக்கு டெபாசிட் போனதை ஓட்டு எண்ணிக்கையோடு போட்டாக வேண்டும். எங்கள் ஆள் சிறைக்குப் போனால் தியாகம், அவர்கள் ஆள் போனால் வழக்கு எண். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் கை தானாகப் பழகிவிட்டது. எதிர்ப் பத்திரிகையிலும் இதே அலமாரி உண்டு, தட்டுகள்தான் தலைகீழ்.

அப்பாவைப் பற்றி ஏதோ பழைய காகிதம் கிடக்கலாம். தேடிப் பார்க்க வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லையே? அவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். இந்தப் பேச்செல்லாம் இப்போது எதற்கு?

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை. நீ டீயைக் குறைத்ததை மாமா நம்பவில்லை.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் பார்க்க வேண்டும் என்கிறாயே, யாரிடம் விடுகிறாய் கதை? சரி, அது இருக்கட்டும். அப்பா எதற்காகக் கேட்கிறார் என்று சொன்னார். இதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாராம். அம்மா போன பிறகு இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றார். உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

குடிநீர்த் திட்டம் வந்தபோது அப்பாதானே அந்தக் குழுவுக்குத் தலைவர். அப்போது பழைய கட்சியில் இருந்தார். ஆலைக்குப் பின்னால் மேட்டில் பன்னிரண்டு தெரு இருக்கிறதே, அங்கே ஓட்டெல்லாம் அடுத்த கட்சிக்கு விழுந்தது. கட்சித் தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு, அடுத்த தேர்தல் வரைக்கும் அவர்கள் காயட்டும் என்றாராம். பன்னிரண்டு தெருவையும் விட்டுவிட்டு வரைபடம் வந்தது. அப்பா பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷம் அந்த ஜனங்கள் ஆலைக்குட்டைத் தண்ணீரைக் குடித்தார்கள். அப்புறம் ஒரு கோடையில் வாந்திபேதி வந்தது. பெரியவர்களும் குழந்தைகளுமாகச் செத்துப் போனார்கள்.

அடுத்த மாதம்தான் அப்பா கட்சியை விட்டார். அந்தப் பக்கம் போய்க் குடிநீர் வாரியத் தலைவரானார். ஒரே வருஷத்தில் மேட்டுத் தெருக்களுக்குக் குழாய் போட்டார். உங்கள் பத்திரிகை அவரைப் பதவிக்காக விலைபோனவர் என்கிறது. அவர்கள் பத்திரிகை, மேட்டு ஜனங்களின் தாகம் தீர்த்தவர் என்கிறது. "அந்தக் கையெழுத்தைப் பத்தி எவனும் எழுதல. உயிரோட இருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வரல. நான் போன அன்னைக்காவது வரணும். அவன் எழுதட்டும்" என்றார்.

சொல்லி முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். கூடவே அவர் போர்வையை இழுத்துவிடவும் செய்தேன். ஒரே ஒரு வரி கேட்கிறார். உன்னால் முடியுமா?

உன் அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

இங்கே வழக்கம்போல. அங்கே எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

முடியாது. அப்பா கையெழுத்துப் போட்டார் என்று எழுதினால், போடச் சொன்னது யார் என்று அடுத்த வரி கேட்கும். போடச் சொன்னவரின் படம் எங்கள் ஆசிரியரின் நாற்காலிக்கு மேலே ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. அவர் பிறந்த நாளுக்கு நாங்கள் எட்டுப் பக்கம் மலர் போடுகிறோம். எதிர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்றால், அவர்களுக்கு அப்பா மேட்டு ஜனங்களைக் காப்பாற்றிய கடவுள். கடவுள்தான் முதலில் தண்ணீரை நிறுத்தினார் என்று அவர்கள் எப்படிப் போடுவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்போமே, இங்கே ஆளுக்குப் பாதி மறைக்கிறார்கள்.

எனக்கும் இது தெரியாது அக்கா. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. அப்பாவிடம் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் தூங்கச் சொல்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, எடுத்த ஊசியைத் தட்டில் எறிந்தேன். நல்லவேளை, அப்போது எதிரே நோயாளி யாரும் இல்லை.

தலைவர் படத்தைப் பற்றியும் மலரைப் பற்றியும் எழுதுகிறாய். படுத்துக் கிடக்கும் மனுஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாயா? மூச்சு எப்படி இருக்கிறது, கால் வீக்கம் வற்றியதா, ஏதாவது? உனக்கு அலமாரியில் இருக்கும் அப்பாதான் தெரியும்போல.

போடுவார்களா மாட்டார்களா என்பதை அவரே பார்த்துக்கொள்வாராம். இப்போதைக்கு அங்கே இருப்பதை ஒரு பிரதி அனுப்பச் சொல்கிறார். நான் என்ன சாக்குச் சொல்வது? தினமும் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறார்.

அக்கா


ஏப்ரல் 21

தம்பிக்கு,

அஞ்சு வாரம். நான் போட்ட கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. நான் பேசியதில் தப்பிருந்தால் மறந்துவிடு. என் வாய் எப்போதும் இப்படித்தான், உனக்குத் தெரியாததா?

அப்பாவை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்து கூட்டிவந்தோம். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார், அதனால் வீட்டுக்கு வந்த பிறகு எழுதுகிறேன். அவர் ரத்தத்தை நானேதான் பரிசோதிக்கிறேன். முடிவுகளை அவரிடம் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்கிறேன். உண்மையான எண்களை உனக்கு எழுதவில்லை.

தபால் ஏதாவது வந்ததா என்று இப்போது கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை எனக்குச் சொல்லாமல் விட்டது தப்பு. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். பதினேழு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஓர் உதவி ஆசிரியன் எழுதியது. அந்தக் காலத்துச் சூட்டில் எழுதியது, கொஞ்சம் காரமாக இருக்கும். மாமாவை விட்டுப் படித்துக் காட்டச் சொல். நீ படிக்காதே. அப்பா கேட்டு முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

தம்பி


மே 12

அன்புத் தம்பிக்கு,

நீ படிக்காதே என்று எழுதினால் எந்த அக்கா படிக்காமல் இருப்பாள்? படித்தேன். துரோகி என்ற வார்த்தை ஐந்து இடத்தில் வருகிறது. மாமா முதல் பத்தியிலேயே காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டார். நான்தான் வாங்கி மீதியைப் படித்தேன்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். நாற்காலி ஆசை, நன்றி கெட்டவர், இதெல்லாம் வந்தபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கட்சி ஆபீஸிலிருந்து கடைசியாக இறங்கி வந்த இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்தார். "அறுந்த செருப்பு வாருக்கு ஊக்கு குத்தி எளிமை வேஷம் போட்டபடி படியிறங்கினார்" என்று இருக்கிறதே, அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் சிரித்தார் தம்பி. மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தார். நான் பயந்துபோய் முதுகைத் தடவினேன்.

"அந்த ஊக்கு வாருக்கு அடியில இருந்துச்சும்மா. வெளிய யாருக்கும் தெரியாது. அன்னைக்குக் காலைல அதைக் குத்திக் குடுத்ததே அவன்தான்" என்றார்.

நீ எழுதியது என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்குக் கோபம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவன் வேலை போகாமல் இருந்ததற்கு இப்போதுதான் காரணம் புரிகிறது என்றார். அன்றைக்கு உனக்கு இருபத்துநாலு வயசு. அந்த வயசில் தனக்கு யாராவது ஒரு வரைபடத்தை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன், நாற்பத்தெட்டில் போட்டேனே என்றார்.

காகிதத்தைக் கிழிக்க விடவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

உன் அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மொட்டை மாடிக்குப் போய்ப் படித்தேன். இறங்கி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

அப்பா கட்சி மாறிய மறுநாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஆடு பகை, குட்டி உறவாக இருக்க முடியாது என்றார். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, "உங்கப்பாவுக்கு நீயே எழுது, படிச்சிட்டு முடிவு பண்றேன்" என்றார். அறை வாங்கினதுபோல் இருந்தது. ஆனாலும் எழுதினேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்சி மாறினார் என்று எனக்கும் அவர்மேல் ஆத்திரம் இருந்தது. அது மட்டும்தான் காரணம் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஊக்கை ஏன் எழுதினேன்? நான் அங்கே இருந்தேன், எனக்கு அவரைத் தெரியும் என்று எங்கோ ஒரு மூலையில் சொல்லத் தோன்றியிருக்கும். அதையும் ஏச்சாகத்தான் சொல்ல முடிந்தது. அக்கா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் அத்தனை வாரம் எழுதவில்லை.

போன வாரம் புதிதாக ஒன்று எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் பழைய கட்சியை வளர்த்தது, வரைபடம், கையெழுத்து, வாந்திபேதி, பிறகு குழாய். ஒரு வசவும் இல்லை, ஒரு புகழும் இல்லை. ஆசிரியர் படித்தார். நல்லா எழுதியிருக்கே என்றார். அதே கையால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பித் தந்தார்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, கவனமாகக் கேள். எங்கள் பத்திரிகையில் ஆசிரியர் கண்ணில் படாமல் அச்சாகும் பக்கம் ஒன்றே ஒன்று, வரி விளம்பரப் பக்கம். வீடு வாடகைக்கு, சைக்கிள் விற்பனைக்கு, காலமானார் அறிவிப்பு. கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள் எத்தனை வார்த்தை என்று எண்ணுவார். பிழை திருத்துபவர் எழுத்துப் பிழை பார்ப்பார். சாயங்காலம் நாலு மணிக்குப் பக்கம் போய்விடும், கூடத்துப் பக்கமே வராது. அந்தப் பத்திரிகையிலும் இதே நடைமுறைதான். காலமானார் அறிவிப்புக்குக் குடும்பத்தில் ஒருவர் உறவைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் ஊரிலேயே இரண்டுக்கும் கவுன்ட்டர் இருக்கிறது.

அப்பா சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொள். அவர் வார்த்தையில் இருக்கட்டும், நான் திருத்த மாட்டேன். தலைவர் பெயர் மட்டும் வேண்டாம். பெயர் இருந்தால் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அவர் செய்ததை மட்டும் அவர் சொல்லட்டும். கீழே மகள் என்று போடு. மகன் என்றும் போடு. யோசித்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்து வருகிறேன். வருவதை அவரிடம் சொல்லிவிடு. பஸ் நேரத்தைத் தவிர வேறு ஏதாவது பேச முயற்சி செய்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? மாமாவுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன், நீ உண்மையைச் சொல்ல மாட்டாய்.

அப்பாவோடு அந்த நாலு நாள் கிடைத்தது. அப்புறம் நான் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே போன் வந்து மறுபடி பஸ் ஏறியது, எல்லாம் உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஊருக்கு வரும் வழியில், விடிகாலையில் பஸ் நிலையத்துக் கடையில் இரண்டு பத்திரிகையும் வாங்கினேன்.

எங்கள் பத்திரிகையில் நான் பதினேழு வருஷத்துக்கு முன்னால் எழுதியது அப்படியே வந்திருந்தது. அவசரத்துக்கு மாற்றுச் சாவியால் அலமாரியைத் திறந்தவர்கள் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள், ஊக்கு உட்பட. அந்தப் பத்திரிகையில் அரைப் பக்கம். அப்பா அரசியலுக்கு வந்ததே அந்தக் கட்சியில்தான் என்பதுபோல் எழுதியிருந்தார்கள். முந்தைய இருபத்திரண்டு வருஷத்தைக் காணோம். ஒரு வரியில்கூட இரண்டும் ஒத்துப்போகவில்லை. கடைசி வரிக்கு வந்தேன், எங்கள் பத்திரிகையில் அது மட்டும் நான் எழுதாதது, புதிதாகச் சேர்த்தது. எங்கள் பத்திரிகை: "அவருக்கு ஒரு மகள் உள்ளார்." அந்தப் பத்திரிகை: "அவருக்கு ஒரு மகள் உள்ளார்." இவர்களுக்குத் துரோகியின் மகன் தங்கள் ஆபீஸில் இருப்பது சங்கடம். அவர்களுக்குத் தங்கள் தலைவரின் மகன் எதிர் ஆபீஸில் இருப்பது சங்கடம். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொன்றுவிட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன்.

மறுநாள் அறிவிப்பு வந்தபோது உன் பக்கத்தில்தான் இருந்தேன். அதை வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

"எங்கள் அப்பா நேற்று முன்தினம் காலமானார். வயது 68. மேட்டுத் தெருக்கள் பன்னிரண்டையும் விட்டுவிட்ட குடிநீர் வரைபடத்தில் கையெழுத்திட்டவர் அவர். தெரிந்தே இட்டார். அதனால் வாந்திபேதியில் இறந்த ஒன்பது பேரின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறார். பிறகு குழாய் போட்டவரும் அவரே. அது இதற்கு ஈடாகாது என்று அவருக்குத் தெரியும். இப்படிக்கு, மகள், மகன்."

இரண்டு பத்திரிகையிலும் எழுத்து மாறாமல் ஒன்றுபோல் வந்திருந்தது. ஒரு பக்கம் வாடகை வீடு, மறுபக்கம் தையல் மெஷின் விற்பனை, நடுவில் அப்பா.

திரும்பி வந்ததும் ஆசிரியர் கூப்பிட்டார். கவுன்ட்டர் அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, விளம்பரப் பாரத்தில் உன் கையெழுத்து சரியாக இருந்தது. என்னிடம் அலமாரிச் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். இப்போது எனக்கு ரயில் நேரமும் வானிலையும். வேலையிலிருந்து எடுக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் அப்பா என்று ஒருவர் இருந்திருப்பார்.

எந்தப் பத்திரிகையும் அறிவிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. போட்டதால் என்ன ஆயிற்று என்று நினைத்தால்தான் மனசு தளர்கிறது. அப்பா கேட்டதைச் செய்துவிட்டோம். யாராவது படித்தார்களா அக்கா?

உன் தம்பி


ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் மட்டும் கொஞ்சம் பிந்தி வருகிறது. மாமா உனக்கு ஏதாவது கூட்டி எழுதியிருந்தால் நம்பாதே. வானிலை எழுதுகிறவன் குடை எடுத்துக்கொண்டு போகிறாயா?

படித்தார்களா என்று கேட்டாய். நேற்று மதியம் பரிசோதனைக் கூடத்துக்கு ஓர் அம்மாள் வந்தாள். ஐம்பது வயசிருக்கும், பஸ் பணிமனையில் வண்டி கழுவுகிறவள், சீருடையோடு வந்திருந்தாள். ரத்தம் கொடுக்க வந்தவள் என்று நினைத்துக் கையை நீட்டச் சொன்னேன். அவள் பையிலிருந்து இரண்டு துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டு பத்திரிகையிலிருந்தும் வெட்டியது. இதில் இருக்கும் மகள் நீங்கள்தானா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். திட்டுவாள், காறித் துப்புவாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டது அவர்களுக்கு எப்போதோ தெரியுமாம். அந்த வரைபடத்தை வரைந்த ஆள் மேட்டுத் தெருவில்தான் குடியிருந்தானாம். அழுதுகொண்டே சொன்னானாம். அப்பா குழாய் திறக்க வந்த அன்றைக்கும், அப்புறம் ஒவ்வொரு தடவை ஓட்டுக் கேட்டு வந்தபோதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். "இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு பார்ப்போம். தண்ணியைக் குடுத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிடுவாரு" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. துண்டுக் காகிதத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"ஒன்பது இல்லம்மா. பத்து. என் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில வண்டியிலயே போயிட்டா. உள்ள சேர்க்கலைன்னு கணக்குல எடுக்கல. அன்னைக்கும் பேப்பர்ல ஒன்பதுன்னுதான் போட்டாங்க. இதுலயும் அப்படியே இருக்கு."

தம்பி, அந்த எண்ணை அப்பா உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் சொன்னார். அந்தப் பத்திரிகையிலும் அதேதான் வந்திருந்தது. நாம் எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவின் அறிவிப்புக்கு வாங்கியதில் மிஞ்சிய பாரத்தை எடுத்து அவளிடமே கொடுத்தேன். எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினாள், பிள்ளையின் பெயர், வயசு நாலு, தெருவின் எண். வருகிற பதினைந்தாம் தேதி காலையில் இரண்டு கவுன்ட்டருக்கும் போகிறோம். இந்தத் தடவை கையெழுத்துப் போடுவது அவள், உறவு என்ற இடத்தில் தாய் என்று எழுதியிருக்கிறாள். நான் கூட நிற்கப் போகிறேன். உன்னால் முடிந்தால் வா.

உன் அக்கா